சிவப்பு மோவருக்கு ஒரு பெல்ட்

மனைவிக்கு நிபந்தனை விதித்த கணவர்கள் எங்கள் கூரம்பின் வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. விதித்த நிபந்தனை தம் தலையிலேயே விடியாமல் பார்த்துக்கொண்டவர்கள்தாம் இல்லை. நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அறுந்துபோன பெல்ட் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெவில் ப்ராட்டன் தம் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. பூட்ஸில் சேறும் இருந்தது. அவர் மனைவி கோரல் இரண்டாவதைத்தான் முதலில் கவனித்தார்.

"பூட்ஸைக் கழட்டு."

"பெல்ட் அறுந்துடுச்சு, கோரல்."

"அறுந்தது பெல்ட்டுதானே? பூட்ஸ் நல்லாத்தானே இருக்கு? கழட்டு."

நெவில் கழற்றினார். காலுறையோடு நின்றுகொண்டு வீரம் பேசுவது எளிதன்று. ஆயினும் பேசியே ஆக வேண்டிய நிலை. காரணம் சொல்கிறேன்.

அறுந்தது அவருடைய மோவரின், அதாவது புல்வெட்டும் வண்டியின், பெல்ட். ஏறி உட்கார்ந்து ஓட்டும் சிவப்பு மோவர் அது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் பெல்ட் அறுந்தால், எஞ்சின் உறுமும், வண்டி நகராது. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் சைப்ரஸ் மரங்களுக்கு அப்பால், ஓடை வரை சரிந்து செல்லும் புல்வெளி ப்ராட்டன் குடும்பத்துடையது. சனிக்கிழமைதோறும் நெவில் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மோவரின் இருக்கையில் அமர்ந்து, அந்தப் புல்வெளியில் மேலும் கீழும் உலா வருவார். மனைவி, மைத்துனி மேவிஸ், தொலைபேசி, சொட்டும் குழாய் ஆகிய எதுவும் அவரை அங்கே அணுக இயலாது. இருக்கையைத் தூக்கினால் அடியில் ஒரு பீர் ஓப்பனர். அதை அவரே திருகாணி போட்டு முடுக்கி வைத்திருந்தார். ஒரு மனிதனுக்கு இதைவிட நிறைவான அரசாட்சி வேறு என்ன வேண்டும்? வீட்டுக்கு முன்னாலுள்ள துண்டு நிலத்துப் புல்லைக் கோரல் கையால் தள்ளும் மோவர் கொண்டு வெட்டுவார். அதை யாரும் அரசாட்சி என்று சொன்னதில்லை.

"நல்லதாப் போச்சு," என்றார் கோரல், ஜாம் கிண்டுவதை நிறுத்தாமல். "டல்சிகிட்ட நாப்பது ஆடு இருக்கு. அவ புல்லு எல்லாம் தீந்துபோச்சாம். நடுவுல இருக்கிற கேட்டைத் திறந்துவிட்டா நம்ம புல்லும் குறையும், அவ ஆடும் நிறையும். அந்த டப்பாவை வித்துடலாம்."

டல்சி பக்கத்துப் பண்ணைக்காரி. டப்பா என்று குறிப்பிடப்பட்டது மோவர். நெவிலின் காதுமடல்கள் மோவரின் நிறத்தை எட்டின.

"ஆடா? தீயணைப்புப் படைக்கு நான் தலைவனா இருந்தவன். நான் ஆட்டை விட்டுப் புல்லு வெட்டினேன்னு ஊர்ல சொல்லணுமா?"

"இப்ப தலைவன் ஃபெர்கஸ். சனிக்கிழமை மதியம் புல்லைப் பாக்க வர்றான். அதை ஞாபகம் வெச்சுக்கோ."

அதுதான் முள். டிசம்பரில் பிறக்கும் எங்கள் கோடையில், காய்ந்த புல் பற்றி எரியும் தீக்காலம் தொடங்குவதற்குமுன் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர் வீடு வீடாகச் சென்று புல்லின் உயரத்தைப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். கணுக்காலுக்குமேல் இருந்தால் ஊர் மண்டபத்துக் கூட்டத்தில் பெயரைச் சொல்லிக் கண்டிப்பார்கள். நெவில் தலைவராக இருந்தபோது ஃபெர்கஸின் பெயரைச் சொன்னார். ஒருமுறை சொன்னால் போதும் என்பது மரபு. நெவில் மூன்று கூட்டங்களில் சொன்னார். ஃபெர்கஸ் நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் நினைவாற்றல் உண்டு.

நெவில் நெஞ்சை நிமிர்த்தினார்.

"கேட்டுக்கோ. நானே பெல்ட் வாங்கி, நானே மாட்டுவேன். சனிக்கிழமை மதியம் ஃபெர்கஸ் வரும்போது புல்லு கணுக்காலுக்குக் கீழ இருக்கும். இருந்துச்சுன்னா, நீ ஜென்மத்துக்கும் ஆட்டைப் பத்திப் பேசக்கூடாது."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா மோவரை வித்துடு. ஆடு வரட்டும்."

"சரி."

"இன்னொண்ணு. சனிக்கிழமை வரைக்கும் மோவரைப் பத்தியோ ஆட்டைப் பத்தியோ என்கிட்ட நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரே ஒரு வார்த்தைகூட!"

கோரல் கரண்டியைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தான்."

"அந்தப் பெல்ட்டு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும்…"

நெவில் ஆட்காட்டி விரலை உயர்த்தினார். படைத் தலைவராக இருந்த காலத்தில் கூட்டத்தை அடக்கிய விரல் அது.

"சரி," என்றார் கோரல், மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டு. "பேசல."

கோரல் ப்ராட்டன் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பவர். திருமணமான நாள்முதல் நெவில் இதை அறிவார். அறிந்ததை உரிய நேரத்தில் நினைவுகூராமைதான் அவருடைய பெருங்குறை.

திங்கட்கிழமை அவர் டவுனுக்குப் புறப்பட்டார். அறுந்த பெல்ட்டைக் கோரலின் தையல் டேப்பால் அளந்தாயிற்று. அளவு உள்ளங்கையில் எழுதப்பட்டிருந்தது. கோரல் காரின் பின்னிருக்கையில் காலி ஜாம் பாட்டில்களை ஏற்றினார்.

"போறதுதான் போற, இதை சர்ச் ஹால்ல குடுத்துடு. அப்படியே மேவிஸ் வீட்டுல குழாய் சொட்டுதாம், பாத்துட்டு வா. அவசரமே இல்ல."

அவசரமே இல்லை என்று கோரல் சொல்லி நெவில் கேட்டதில்லை. அன்பு பெருகிவிட்டது என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

மோவர்க் கடையில் ட்ரிஷ் என்ற பெண்மணி கல்லாவில் இருந்தார். எண்பது வயதுப் பண்ணைக்காரரானாலும் அவருக்குக் "கண்ணு"தான்.

"என்ன மோவர், கண்ணு?"

"சிவப்பு."

"கலர் கேக்கல. மாடல் நம்பர்."

"நம்பர் எதுக்கு? பெல்ட்டே இதோ இருக்கு."

ட்ரிஷ் அதை இரண்டு விரல்களால் தூக்கிப் பார்த்தார். "இது பெல்ட்டா? பாம்பு சட்டை உரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. தேஞ்சு, இழுபட்டு, அறுந்து கிடக்கு. இதை அளந்தா இதோட வயசு தெரியும், கண்ணு. அளவு தெரியாது."

"நான் அளந்துட்டேன்." நெவில் உள்ளங்கையைக் காட்டினார்.

"சீட்டுக்கு அடியில ஒரு தகடு இருக்கும். அதுல நம்பர் இருக்கும்."

"என் மோவர்ல தகடே கிடையாது. சீட்டைத் தூக்கி எத்தனையோ தடவை பாத்திருக்கேன்."

எத்தனையோ தடவை தூக்கியது உண்மை. எதற்காகத் தூக்கினார் என்பதை ட்ரிஷ் கேட்கவில்லை. அவர் பின்னாலிருந்த அலமாரியை ஒருமுறை பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார்.

"சரி கண்ணு. நீ கேட்ட அளவே தர்றேன்."

நெவில் வீடு திரும்பியபோது கோரல் பின்வாசல் குழாயடியில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிருந்த?"

"சும்மா நடந்துட்டு வந்தேன்."

"சேத்துலயா?"

"சேறு இருக்கிற இடத்துல சேத்துலதான் நடக்க முடியும்."

இதில் பிழை காண இயலவில்லை. நெவில் ஷெட்டுக்குள் சென்று, மோவருக்கடியில் மல்லாந்து படுத்து, புதிய பெல்ட்டைக் கப்பிகளில் மாட்டினார். ஷெட் வீட்டை ஒட்டி நின்றது. புல்வெளி மரங்களுக்கப்பால் இருந்தது. வெட்ட முடியாத புல்லைப் பார்த்தால் வயிறு எரியும் என்பதால், மோவரில் ஏறித்தான் அந்தப் பக்கம் போவதென்று அவர் சபதமே எடுத்திருந்தார்.

பெல்ட் பாவாடை நாடா போலத் தொங்கியது. எஞ்சின் உறுமியது, கப்பி சுழன்றது, பெல்ட் அசைந்து கொடுத்தது, மோவர் தவம் செய்தது. பழைய பெல்ட் உழைத்து உழைத்து நீண்டிருந்தது. நீண்ட அளவைத்தான் அவர் அளந்திருந்தார்.

இராச் சாப்பாட்டின்போது கோரல் உருளைக்கிழங்கை அவர் தட்டில் வைத்தபடி, "நெவ், பின்பக்கத்துல இன்னிக்கு…" என்றார்.

"மோவரைப் பத்தியா?"

"இல்ல."

"ஆட்டைப் பத்தியா?"

"ஆமா."

விரல் உயர்ந்தது.

"சரி," என்றார் கோரல். "இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு?"

இழுபட்டதைக் கழித்துக்கொண்டால் கணக்குச் சரியாகும் என்று நெவிலுக்குத் தோன்றியது. கருத்து சரி. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் அவர் தாராள மனத்தைக் காட்டிவிட்டார். மறுநாள் வாங்கி வந்த பெல்ட் இரண்டு கப்பிகளைச் சுற்றியது. மூன்றாவதை எட்ட மறுத்தது. கையால் இழுத்தார். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். கடப்பாரையைக் கொண்டுவந்தார். கடப்பாரை வழுக்கியது, விரல்முட்டிகளின் தோல் ஷெட்டிலேயே தங்கிவிட்டது.

கோரல் காயத்துக்கு மருந்து தடவிக் கட்டினார்.

"எப்படி ஆச்சுன்னு கேக்க மாட்டேன். கேக்கவும் கூடாது."

"கேக்காதே."

"ரொம்ப வலிக்குதா? அதைக் கேக்கலாம்ல?"

"வலிக்குது." நெவில் தலையைத் திருப்பிக் காதைத் தீட்டினார். "என்ன, ஆடு கத்துற சத்தம் ரொம்பப் பக்கத்துல கேக்குது?"

கோரல் கட்டுத்துணியின் முனையை நிதானமாகக் கிழித்தார். "அதுக்கு நான் பதில் சொல்லலாமா?"

"கூடாது."

"அப்ப நீயே ஏதாவது நெனச்சுக்கோ."

"காத்து. காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

"சரி."

அன்று இலைகூட அசையவில்லை.

மூன்றாம் முறை ட்ரிஷின் முகத்தில் விழிக்க நெவிலுக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே, கப்பிகளைச் சுற்றிக் கயிறு கட்டி அளந்துகொண்டு, கார் உதிரிபாகக் கடைக்குப் போனார். கோரல் இம்முறை நூலகப் புத்தகங்களையும், மேவிஸின் சாக்கடை அடைப்பையும் அவர் பொறுப்பில் விட்டார். கார்ப் பெல்ட் கச்சிதமாகப் பொருந்தியது. நெவில் எஞ்சினை முடுக்கி, மிதியை மெல்ல அழுத்தினார். மோவர் நகர்ந்தது! ஷெட்டைவிட்டு வெளியே வந்தது! அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

காரின் பெல்ட் எப்போதும் விறைப்பாகவே ஓடப் பழகியது. மோவரின் பெல்ட்டோ மிதியை அழுத்தும்போதெல்லாம் இறுகியும் விட்டும் வழுக்கியும் உழைக்க வேண்டியது. அதற்கென்றே தனியான உறையோடு செய்வார்கள். இந்த வேறுபாட்டை நெவில் மூக்கின் வழியாக அறிந்தார். முதலில் நாற்றம் வந்தது. பிறகு கீச்சொலி, பிறகு கரும்புகை. பின்பக்கக் கேட்டை எட்டுவதற்குமுன் மோவர் நின்றுவிட்டது. முன்னாள் படைத் தலைவரின் வண்டியிலிருந்து புகை எழும்பி ஊருக்கே தெரிந்தது.

கோரல் வாளி நிறையத் தண்ணீரோடு வந்து, ஒரு சொல்லும் பேசாமல் ஊற்றிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை. ஷெட்டுக்குத் தள்ளிவந்து நிறுத்திய மோவரின் அருகில் நெவில் தலைகுனிந்து நின்றார். மறுநாள் மதியம் ஃபெர்கஸ் வருவார். பெயர் வாசிக்கப்படும். மோவர் போகும். சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் இருப்பார். வீட்டில் கோரல் இருப்பார். காதுக்கவசத்தைச் சாப்பாட்டு மேசையில் அணிய இயலாது. ஒரு பீர் பாட்டிலை எடுத்தார். இருக்கையைத் தூக்கினார். ஓப்பனரில் பாட்டிலின் வாயைக் கொடுத்தார்.

மூடி கழன்றது. முடுக்கியிருந்த திருகாணி ஒன்றும் கழன்று விழ, ஓப்பனர் சாய்ந்தது. அதன் பின்னாலிருந்து ஓர் அலுமினியத் தகடு எட்டிப் பார்த்தது. அதில் "மாடல்" என்று பொறித்திருந்தது.

நெவில் குனிந்து அதைப் படித்தார். பீர் நுரைத்து அவர் கட்டுத்துணியில் வழிந்தது. கண்ணுக்குமுன் இருந்த நம்பரைத் தம் கையாலேயே திருகாணி போட்டு மூடியிருந்தார். அந்த நம்பர் இல்லாமல்தான் ஊரெல்லாம் பெல்ட் தேடியிருந்தார்.

சனிக்கிழமை காலை ட்ரிஷ் கதவைத் திறந்தபோது நெவில் படியிலேயே நின்றிருந்தார். நம்பரை ஒரே மூச்சில் ஒப்பித்தார். ட்ரிஷ் கணினியைத் தொடக்கூட இல்லை. பின்னாலிருந்த அலமாரியிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"திங்கக்கிழமையே எடுத்து வெச்சுட்டேன், கண்ணு. உங்க வீட்டம்மா காலையிலேயே ஃபோன் பண்ணி நம்பர் சொன்னாங்க. நீயா வந்து நம்பர் சொன்னாத்தான் குடுக்கணும்னாங்க. உங்க வீட்டுல ஏதோ பேச்சுத் தடையாமே?"

நெவில் பெல்ட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கோபப்பட நேரமில்லை. வென்றபின் கோபப்படலாம்.

அந்தப் பெல்ட் கப்பிகளின்மேல் தானாகப் போய் உட்கார்ந்தது. மோவர் உறுமியது. நெவில் காதுக்கவசத்தை மாட்டினார், தொப்பியை அழுத்தினார், கத்திகளைச் சுழலவிட்டார், மதியத்துக்கு இன்னும் நேரமிருந்தது. அரசர் ஊர்வலம் புறப்படுவதுபோல் பின்பக்கக் கேட்டைத் தாண்டி, சைப்ரஸ் வரிசையைக் கடந்து, ஒரு வாரமாகப் பார்க்காத தம் புல்வெளிக்குள் நுழைந்தார்.

புல் இல்லை.

அதாவது, இருந்தது. மேசைவிரிப்பைப் போல, தரையோடு தரையாக, ஓடை வரைக்கும், வேலியோரத்து மூலைகளிலும் ஒரு நுனி மீதமில்லாமல், பச்சையாகப் படிந்திருந்தது. மரநிழலில் டல்சியின் நாற்பது ஆடுகள் படுத்து அசைபோட்டபடி, இரைச்சலோடு வந்தவரை வியப்பின்றிப் பார்த்தன. ஆடுகளுக்கு இப்பால், வேலியருகில், கோரலும், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட ஃபெர்கஸும் நின்றார்கள். ஃபெர்கஸின் உதடுகள் அசைந்தன. நெவில் எஞ்சினை நிறுத்தினார், காதுக்கவசத்தைக் கழற்றினார்.

"…இந்த வட்டாரத்துலயே இவ்வளவு சுத்தமா இருக்கிற நிலத்தை நான் பாக்கல, நெவ்," என்றார் ஃபெர்கஸ். அவர் தம் பூட்ஸைப் பார்த்தார், கணுக்காலைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார், முகத்தை மிகுந்த முயற்சியோடு நேராக வைத்துக்கொண்டார். "கூட்டத்துல உன் பேரைச் சொல்லியே ஆகணும். எப்படி வெட்டினன்னும் சொல்லணும். மூணு கூட்டத்துல சொன்னாப் போதுமா?"

அவர் விரைந்து தம் வண்டிக்குச் சென்றார். வண்டிக் கதவு சாத்தியபிறகும் சிரிப்பு கேட்டது.

"கோரல்," என்றார் நெவில், மோவரில் அமர்ந்தபடியே. "அந்தத் தகட்டு நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தப்ப, மோவருக்குக் கத்தி வாங்கி மாட்டினது யாரு? அப்ப தகட்டை மறைக்க உன் ஓப்பனர் இல்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். விரலைத் தூக்கின."

நெவில் விரலைப் பார்த்தார். அதில் இன்னும் கட்டு இருந்தது.

"சரி, போகட்டும். புல்லு கணுக்காலுக்குக் கீழ இருக்குல்ல?"

"இருக்கு. ஃபெர்கஸே பாத்துட்டான். பந்தயத்துல நீதான் ஜெயிச்ச, நெவ். மோவரும் உனக்குத்தான்."

நெவிலுக்கு உயிர் வந்தது. தோற்றதைப் போலத் தோன்றியதெல்லாம் வெற்றியாக மாறிவிட்டதே! அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படிச் சொல்லு! சரி, இந்த ஆடுங்களை டல்சி எப்ப ஓட்டிட்டுப் போறா?"

கோரல் ஆட்காட்டி விரலை உயர்த்தினார்.

"என்ன?"

"நீ ஜெயிச்சா நான் ஜென்மத்துக்கும் ஆட்டைப் பத்திப் பேசக்கூடாது. நீ போட்ட நிபந்தனை. நான் பேச மாட்டேன்."

ஆடு ஒன்று எழுந்து வந்து மோவரின் முன்சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டது.

"ஆனா மோவரைப் பத்தி இனிமே பேசலாம், கெடு முடிஞ்சுடுச்சு," என்றார் கோரல், பரிவோடு. "நல்லா ஓடுதே! ஷெட்டுல இருக்கிற சின்ன இழுவண்டியைப் பின்னால மாட்டு. மண்வெட்டியும் எடுத்துக்கோ. என் ரோஜாவுக்கு எரு வேணும்."

"எருவா? எருவுக்கு நான் எங்க போறது?"

கோரல் மறுபடியும் விரலை உயர்த்தினார்.